பிள்ளைகளை விழுங்கிய தகப்பன்: பதின்வயது நாயகர்களுக்கு எதிரே குரோனஸ் வந்து நிற்பது ஏன்?

கிரேக்கப் புராணத்தில் அசுரர் குலம் என்று தனியாக ஒன்று கிடையாது. கிரேக்கத் தெய்வங்களின் தலைவன் சீயஸைப் பெற்ற குரோனஸ் என்ற பெயரைச் சுற்றி எழும் குழப்பத்தில் பாதி, இந்த ஒரு செய்தி தெரியாததால் வருவது.

அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியார்டனின் பெர்சி ஜாக்சன் நாவல் வரிசை 2005 முதல் 2009 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. அதே 2005-ன் கடைசியில் கனடாவில் 'கிளாஸ் ஆஃப் தி டைட்டன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடர் ஆரம்பமானது. முன்னது, பன்னிரண்டு வயதில் தொடங்கிப் பதினாறில் முடியும் ஒரு பையனின் கதை. பின்னதில் பழைய கிரேக்க வீரர்களின் வழித்தோன்றல்களான ஏழு மாணவர்கள். இரண்டிலும் தலைமை எதிரி குரோனஸ்தான். பெர்சி கதை 2023 டிசம்பரில் இணையத் தொடராகவும் வந்துவிட்டது. காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைப் பார்க்கும் பெரியவர்களுக்குக் கேள்விகள் எழுவது இயல்பு. சாமிகளைப் பெற்ற தகப்பனே எப்படி வில்லனாக இருக்க முடியும்? அவனைக் கொல்லாமல் ஏன் அடைத்து வைக்கிறார்கள்? அத்தனை தெய்வங்கள் இருக்கும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எதற்குச் சண்டைக்கு அனுப்புகிறார்கள்?

கடைசிக் கேள்வி வட ஆற்காட்டுக்குப் புதியதல்ல. இந்த மாவட்டம் 1989-ல் வேலூர், திருவண்ணாமலை என்றும், 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்றும் பிரிந்தாலும், அதன் ஊர்த் திடல்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து இந்தக் கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. முதலில் கிரேக்கக் கதையைப் பார்த்துவிடலாம்.

மூன்று தலைமுறை, ஒரே சண்டை

குரோனஸ் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான ஆதாரம், ஹெசியட் என்ற கவிஞர் சுமார் கி.மு. 700-ஐ ஒட்டிப் பாடிய 'தியோகனி'. தெய்வங்கள் யாருக்கு யார் பிறந்தார்கள் என்று சொல்லும் வம்சாவளிப் பாட்டு அது. அதன் கதைப்போக்கை மூன்று படிகளில் சொல்லிவிடலாம்.

1. யுரேனஸ். இவன் வானம். மனைவி கயா, பூமி. இவர்களுக்கு டைட்டன்கள் என்று பன்னிரண்டு பேர், ஒற்றைக் கண்ணர் மூவர், நூறு கைகள் கொண்டவர் மூவர் பிறந்தார்கள். பிள்ளைகள் பிறக்கப் பிறக்கப் பிடிக்காமல், வெளிச்சத்துக்கு வரவிடாமல் தாயின் உடலுக்குள்ளேயே திணித்து மறைத்தான் யுரேனஸ். வலி தாளாத கயா ஒரு கதிரரிவாளைச் செய்து, யார் துணிகிறீர்கள் என்று மக்களைக் கேட்டாள். எல்லோரும் வாயடைத்து நிற்க, கடைசிப் பிள்ளை மட்டும் முன்வந்தான்.

2. அந்தக் கடைசிப் பிள்ளைதான் குரோனஸ். இரவில் வந்த தகப்பனைப் பதுங்கியிருந்து வெட்டினான். தகப்பனின் ஆண்குறியை அறுத்துக் கடலில் எறிந்தான் என்று ஹெசியட் ஒளிக்காமல் சொல்கிறார். சிறுவர் பதிப்புகள் இந்த இடத்தைப் பூசி மெழுகிவிடும். பிறகு ஆட்சி குரோனஸின் கைக்கு வந்தது. ஆனால் அவனுடைய மகன் ஒருவனே அவனை வீழ்த்துவான் என்று கயாவும் யுரேனஸும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

3. சீயஸ். குரோனஸுக்கும் ரியாவுக்கும் பிறந்த ஆறாவது பிள்ளை. தப்பிப் பிழைத்து வளர்ந்து, தகப்பனோடு பத்தாண்டு போர் நடத்தி, டார்டரஸ் என்ற பாதாளத்தில் அவனை அடைத்தவன். வானத்திலிருந்து ஒரு வெண்கலப் பட்டறைக்கல்லைப் போட்டால் ஒன்பது பகலும் ஒன்பது இரவும் விழுந்து பத்தாம் நாள் பூமிக்கு வரும். பூமியிலிருந்து போட்டால் இன்னொரு பத்தாம் நாள் டார்டரஸுக்குப் போய்ச் சேரும். அந்தச் சிறையின் ஆழத்துக்கு ஹெசியட் கொடுக்கும் கணக்கு இது.

மூன்று பேருமே தெய்வங்கள், மூன்று பேரும் ஒரே குடும்பம். தேவரும் அசுரரும் மோதுவதாக இந்தக் கதையைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பதவியில் இருக்கும் மூத்தவனுக்கும் பதவிக்கு வரப்போகும் இளையவனுக்கும் இடையே மூன்று தலைமுறையாக ஓய்ந்து ஓய்ந்து மூளும் பங்காளிச் சண்டை இது.

கொல்லவில்லை, விழுங்கினான்

குரோனஸ் செய்த காரியத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவன் வில்லனாகத் தேர்வானதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது.

ஹெஸ்டியா, டிமீட்டர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன் என்று ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொருவரையும் தாயின் மடியிலிருந்து வாங்கி அப்படியே விழுங்கினான். இறப்பில்லாத தெய்வங்களுக்குப் பிறந்தவர்கள் என்பதால் பிள்ளைகள் சாகவில்லை, உள்ளேயே இருந்தார்கள். ஆறாவது முறை ரியா விழித்துக்கொண்டாள். பிள்ளையைக் கிரீட் தீவின் குகையில் மறைத்துவிட்டு, ஒரு கல்லைக் குழந்தைத் துணியில் சுற்றிக் கணவன் கையில் கொடுத்தாள். அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் விழுங்கினான்.

கம்சன் கதை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். முன்னறிவிப்பு, அதைக் கேட்டு அஞ்சும் அரசன், ஒவ்வொன்றாகப் பறிபோகும் பிள்ளைகள், மாற்றி வைக்கப்பட்ட குழந்தை, வேறிடத்தில் ஒளிந்து வளரும் கடைசி மகன். ஆயர்பாடியில் கண்ணன் பாலும் வெண்ணெயுமாக வளர்ந்ததுபோல, கிரீட்டில் சீயஸுக்கு ஆட்டுப்பால். குழந்தை அழும் சத்தம் தகப்பன் காதில் விழாதபடி வீரர்கள் கேடயங்களை ஈட்டியால் தட்டி ஆடினார்கள் என்று பிற்கால நூல்கள் சொல்கின்றன. ஆனால் ஒற்றுமை ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. கம்சன் தாய்மாமன், தங்கையின் பிள்ளைகளைக் கொல்கிறவன். குரோனஸ் பெற்ற தகப்பன், அவன் கொல்வதில்லை. பிள்ளைகள் வளர்ந்து தனி ஆளாக வெளியே நிற்பதைத்தான் தடுக்கிறான். அவன் வயிற்றுக்குள் அவர்கள் பத்திரமாகவே இருக்கிறார்கள், வாழத்தான் முடியவில்லை. பதின்வயதுப் பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்த உருவகத்தை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது.

பின்னர் குரோனஸ் எல்லோரையும் கக்குகிறான். முதலில் வெளியே வருவது கடைசியாக விழுங்கிய அந்தக் கல். சீயஸ் அதை டெல்ஃபி என்ற திருத்தலத்தில் நட்டு வைத்தான் என்கிறார் ஹெசியட். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கத்தை ஊர் ஊராகச் சுற்றி எழுதிய பாசானியஸ் என்ற பயணி அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறார். பெரிய கல்லில்லை என்கிறார். நாள்தோறும் அதற்கு ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள், திருவிழாக்களில் பதப்படுத்தாத ஆட்டு ரோமத்தைச் சாத்துகிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். நம் ஊர் வேப்பமரத்தடிக் கல் எண்ணெயும் மஞ்சளும் ஏறி மினுமினுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டெல்ஃபியை மனக்கண்ணில் கொண்டுவருவது கடினமல்ல. திரையில் வரும் கிரேக்கம் வெள்ளைப் பளிங்குத் தூண்களாகவே இருக்கிறது. எண்ணெய் வழியும் அந்தக் கல்லை எந்தத் தொடரிலாவது காட்டினால் நன்றாக இருக்கும்.

அவன் காலம் பொற்காலம் என்றும் ஒரு கதை

டைட்டன் என்றால் பூதம் என்ற எண்ணம் பரவிவிட்டது. தெமிஸ் ஒரு டைட்டன். அவள் நீதியின் தெய்வம். நெமோசினி ஒரு டைட்டன். அவள் நினைவாற்றல், கலைமகளிர் ஒன்பது பேரின் தாய். மனிதனுக்கு நெருப்பைத் திருடிக் கொடுத்த புரோமிதியஸ் ஒரு டைட்டனின் மகன். இவர்களில் யாரையும் அரக்கப் பட்டியலில் சேர்க்க முடியாது.

குரோனஸ் விஷயம் இன்னும் சிக்கல். அதே ஹெசியட் 'வேலைகளும் நாள்களும்' என்ற வேறொரு பாட்டில், குரோனஸ் வானத்தை ஆண்டபோது பொன் இனத்து மக்கள் வாழ்ந்தார்கள் என்கிறார். அவர்களுக்கு உழைப்பு இல்லை, முதுமையின் தளர்ச்சி இல்லை, நிலம் கேட்காமலே விளைந்தது, சாவு தூக்கம்போல் வந்தது. ஏதென்ஸ் நகரில் கோடையில் குரோனியா என்று அவன் பெயரால் ஒரு விழா நடந்தது; அன்று எஜமானரும் அடிமைகளும் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். ரோமானியர்கள் அவனைத் தங்கள் சாட்டர்ன் தெய்வத்தோடு ஒன்றாக்கி, டிசம்பர் 17-ல் தொடங்கும் பெருவிழாவை அவனுக்காக எடுத்தார்கள். பிள்ளைகளை விழுங்கியவனையே நல்லாட்சியின் அடையாளமாகவும் கொண்டாடியிருக்கிறார்கள். கவிஞர் பிண்டார் அவனைச் சிறையிலிருந்தே எடுத்துவிட்டு, நல்லவர்கள் போய்ச்சேரும் தீவுகளுக்கு அரசனாக்கிவிடுகிறார்.

இந்த இரட்டை முகத்தை இன்றைய சிறுவர் கதைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. கதை வேகமாக ஓடவேண்டும் என்ற கவலை புரிகிறது. ஆனாலும் இழப்பு இழப்புதான். பொற்காலத்தைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வரும் கிழ அரசன், வெறுமனே உறுமிக்கொண்டு வரும் பூதத்தைவிடப் பல மடங்கு பயங்கரமானவன். அவனுக்கு ஆள் சேரும்.

ஹேடிஸுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. சீயஸ், பொசைடன், ஹேடிஸ் மூவரும் சீட்டுப் போட்டு உலகைப் பிரித்துக்கொண்டார்கள். வானம் சீயஸுக்கு, கடல் பொசைடனுக்கு, இறந்தோர் உலகம் ஹேடிஸுக்கு என்கிறது இலியட் காவியம். கடுமையானவன், நெருங்க முடியாதவன், ஆனால் கெட்டவன் அல்லன். நம் யமதர்மனைப் போன்ற பதவி. பின்னாளில் நரகம், சாத்தான் என்ற கருத்துகள் அவன்மேல் படிந்ததால் சினிமாக்காரர்களுக்கு அவன் சுலபமான வில்லனாகிவிட்டான். யமனுக்கு மகனாகப் பிறந்தவனின் பெயரால் ஊருக்கு ஊர் தர்மராஜா கோயில் கட்டியிருக்கும் நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்தத் திரிப்பு கொஞ்சம் விசித்திரமாகவே படும்.

நேரத்தை நிறுத்தும் சக்தி எங்கிருந்து வந்தது?

இன்றைய கதைகளில் குரோனஸ் நேரத்தை மெதுவாக்குவான், நிறுத்துவான். ஹெசியட்டில் இது கிடையாது. கிரேக்க மொழியில் காலத்தைக் குறிக்கும் சொல்லும் இந்தத் தெய்வத்தின் பெயரும் ஏறத்தாழ ஒரே ஒலி கொண்டவை. முதல் எழுத்து மட்டும் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் வழக்கம் அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ரோமில் சிசரோவும், பின்னர் புளூட்டார்க்கும் இதைக் குறிப்பிடுகிறார்கள். காலம் தான் பெற்ற நாள்களையும் ஆண்டுகளையும் தானே தின்றுவிடுகிறது. எனவே பிள்ளைகளை விழுங்கியவன் காலம்தான் என்பது அவர்கள் காட்டும் பொருத்தம். பிற்கால ஓவியர்கள் அவன் கையிலிருந்த கதிரரிவாளை நீண்ட பிடி போட்ட அரிவாளாக்கி, காலக் கிழவன் என்ற உருவத்தைப் படைத்தார்கள். தொடர்களில் வரும் வில்லன் இந்தக் கலப்புக்குப் பிறந்தவன். இதைப் பிழை என்று தள்ள மாட்டேன். இரண்டாயிரம் ஆண்டு பழகிய பிழைக்குப் புராணத்தில் மரபு என்று பெயர்.

இந்தக் குடும்பத்தை வானத்திலும் பார்க்கலாம். வியாழன் ரோமானியரின் ஜூபிடர், அதாவது சீயஸ். அதற்கு அப்பால் சனி, சாட்டர்ன் என்னும் குரோனஸ். 1781-ல் வில்லியம் ஹெர்ஷல் அதற்கும் அப்பால் ஒரு கோளைக் கண்டபோது, தகப்பனுக்கு அப்பால் பாட்டன் இருப்பதே முறை என்று யுரேனஸ் என்ற பெயரை முன்வைத்தார் ஜெர்மானிய வானியலாளர் போடே. சனியின் நிலவுகளுக்கு டைட்டன், ரியா, டெத்திஸ், இயாபிடஸ் என்ற பெயர்கள் 1847-ல் வந்தன. இதில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அதைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. அந்த மறைப்பைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் ஒன்று, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் காவலூரில் இருந்த, ஒரு மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட கருவி.

ஏன் பதின்வயதுப் பிள்ளைகள்?

இளம் வாசகர்களுக்கு விற்கும் கதை என்பதால் நாயகனும் இளையவன் என்ற பதில் பாதி உண்மை. மீதிக்குக் காரணம் கிரேக்கப் புராணத்துக்குள்ளேயே இருக்கிறது.

1. வில்லனின் அச்சமே இளையவர்களைப் பற்றியது. வேறு வில்லன்களுக்கு எந்த வயது எதிரியும் ஒத்துவருவான். குரோனஸுக்கு அடுத்த தலைமுறைதான் எதிரி. அவனுக்கு எதிரே நாற்பது வயது வீரனை நிறுத்தினால் கதைக்குப் பாதி உயிர் போய்விடும்.

2. பழைய நாயகர்களும் அந்த வயதுக்காரர்களே. தெசியஸின் தகப்பன் ஒரு பாறைக்கு அடியில் வாளையும் செருப்பையும் வைத்துவிட்டுப் போயிருந்தான். பாறையைப் புரட்டி அவற்றை எடுத்தபோது தெசியஸுக்கு வயது பதினாறு என்று பாசானியஸ் எழுதுகிறார். அந்தத் தெசியஸ் கொல்லப்போன காளைத்தலை மினோட்டாருக்கு ஏதென்ஸ் நகரம் கப்பமாக அனுப்பியது யாரை? ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை ஏழு இளைஞர்கள், ஏழு கன்னிப்பெண்கள். பெரியவர்களின் பகைக்குக் கணக்குத் தீர்க்கப் பிள்ளைகள் இரையாவது கிரேக்கக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

3. தெய்வங்கள் நேரில் இறங்க முடியாது. இலியட்டில் போரில் தலையிடக் கூடாது என்று சீயஸ் மற்ற தெய்வங்களுக்குத் தடை போடுகிறான். ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று கண்ணன் சொன்னதும் இதே கதைத் தேவைக்குத்தான்: தெய்வம் கை வைத்தால் மனிதனுக்கு வேலை இருக்காது. ஆகவே பாதித் தெய்வம், பாதி மனிதன் ஒருவன் தேவைப்படுகிறான். இவர்களைக் கண்டு நாம் வியக்க ஒன்றுமில்லை. பாண்டவர் ஐவரும், கர்ணனும் இப்படிப் பிறந்தவர்களே.

4. கொல்ல முடியாத எதிரி. டைட்டனுக்குச் சாவில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் அடைக்கத்தான் முடியும். அடைத்தவன் மனிதனாக இருந்தால் முதுமையடைவான், அடைபட்டவன் அப்படியே இருப்பான். பூட்டு தளரும் காலத்தில் யார் இளமையோடு இருக்கிறார்களோ, பொறுப்பு அவர்கள் தலையில் விழுகிறது.

தர்மராஜா கோயில் திடலில்

வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயிலைத் தர்மராஜா கோயில் என்றே சொல்வது வழக்கம். அக்கினி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று நாள்கள் நகர்ந்து, பதினெட்டாம் போரில் முடியும். செய்யாறு பக்கத்துப் புரிசை போன்ற ஊர்கள் இந்தக் கலையாலேயே பேர் பெற்றவை.

இந்த வரிசையில் இரண்டு இரவுகள் நம் பொருளுக்கு நேரே வருகின்றன.

அபிமன்யுவுக்கு ஆயுள் பதினாறு ஆண்டுதான் என்று அவன் பிறப்பதற்கு முன்பே விதித்துவிட்டார்கள் என்கிறது மகாபாரதம். அபிமன்யுவாகப் பிறக்கப்போன தன் மகனைப் பிரிய மனமில்லாமல் சந்திரன் அவ்வளவு காலத்துக்குத்தான் அனுப்பி வைத்தானாம். பெர்சி கதையிலும் பதினாறாவது பிறந்தநாளைச் சுற்றித்தான் முன்னறிவிப்பு. ஆனால் சக்கர வியூகத்துக்குள் அபிமன்யுவைப் போகச் சொன்னது வில்லன் அல்லன், தர்மராஜனே சொல்கிறான். உள்ளே நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று பிள்ளை சொல்லியும், பின்னாலேயே நாங்கள் வருகிறோம் என்று அனுப்புகிறார்கள். சயிந்தவன் வாசலில் மறித்துக்கொள்ள, பின்னால் யாரும் வரவில்லை.

அரவான் கதை இன்னும் கொடியது. போரில் வெற்றி கிட்டக் காளிக்கு முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைப் பலி கொடுக்க வேண்டும். அப்படி இருப்பவர் மூவர்: கண்ணன், அர்ச்சுனன், அர்ச்சுனனுக்கு நாகக் கன்னியிடம் பிறந்த அரவான். பெரியவர் இருவரும் போருக்குத் தேவைப்படுகிறார்கள். பிள்ளையைக் கேட்கிறார்கள். அவனும் சம்மதிக்கிறான். கிரேக்கத்தில் இதற்கு இணையான கதை இஃபிஜெனியா. டிராய் நோக்கிக் கப்பல்கள் போகக் காற்று வேண்டும் என்று தளபதி அகமெம்னான் சொந்த மகளையே பலிபீடத்துக்குக் கொண்டுவந்தான்.

இன்றைய பதின்வயதுக் கதைகள் சறுக்குவதாக நான் நினைப்பது இந்த இடத்தில்தான். பிள்ளைகளை விழுங்கும் பாவத்தை அவை வில்லன் கணக்கில் மட்டும் எழுதிவிடுகின்றன. பழைய கதைகள் அப்படிக் கணக்கு எழுதவில்லை. யுரேனஸ், குரோனஸ், அகமெம்னான், நம் பக்கத்தில் தர்மராஜன், கண்ணன் என்று நல்லவர் கெட்டவர் வேறுபாடின்றி எல்லாத் தரப்பு மூத்தவர்களும் அதைச் செய்கிறார்கள். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் தூக்கத்தில் வெட்டுண்ட பிறகுதான் பாரதப்போர் முடிகிறது. பாண்டவரின் வம்சம் உத்தரையின் வயிற்றிலிருக்கும் ஒரு கருவைப் பற்றிக்கொண்டு மிச்சமாகிறது.

வில்லனை நடத்தும் விதத்திலும் கூத்திடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. படுகளத்தன்று காலையில் திடலில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பல பத்து அடி நீளத்துக்கு மண்ணால் செய்த உருவம். கிரீடம், முறுக்கிய மீசை, விழித்த கண்கள், எல்லாவற்றுக்கும் வண்ணம். வேடம் கட்டிய பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு அந்த மண்ணுடலைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் ஓடுவார்கள். தொடையில் அடி விழும். அங்கே வைத்திருக்கும் செந்நிற நீரைத் தொட்டுத் திரௌபதியின் விரித்த கூந்தலை முடிவார்கள். வென்றாயிற்று. உடனே துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து மாரடித்து ஒப்பாரி வைப்பாள். சுற்றி நிற்கும் பெண்களில் பலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் உண்டு. தோற்றவனை வெறுக்காமலேயே அவன் தோல்வியை வேண்டி நிற்பது எப்படி என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. பொற்காலத்து அரசனாகவும் பிள்ளை விழுங்கியாகவும் ஒரே குரோனஸை வைத்திருந்த கிரேக்கர்களுக்கும் தெரிந்திருந்தது.

வென்றவன் அடுத்து என்ன செய்தான்?

சீயஸின் வெற்றியோடு கதை முடிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். ஹெசியட் அடுத்த சில வரிகளிலேயே வேறொன்று சொல்கிறார். சீயஸின் முதல் மனைவி மேட்டிஸ், அறிவுக்கூர்மையே உருவானவள். அவளுக்குப் பிறக்கப்போகும் மகன் தெய்வங்களுக்கும் மனிதர்களுக்கும் அரசனாவான் என்று அதே கயாவும் யுரேனஸும் வந்து சொல்கிறார்கள். சீயஸ் என்ன செய்தான்? கர்ப்பிணியாக இருந்த மேட்டிஸையே விழுங்கினான். தகப்பன் பிள்ளைகளை விழுங்கி ஏமாந்தான். மகன் பிள்ளைக்கு முந்தித் தாயை விழுங்கினான். அந்த மகன் பிறக்கவே இல்லை. முன்பே கருவிலிருந்த மகள் அதீனா மட்டும் சீயஸின் தலையிலிருந்து வெளியே வந்தாள்.

இன்னொரு முறையும் இதே ஆபத்து வந்தது. கடல் தேவதை தெட்டிஸுக்குப் பிறக்கும் மகன் தன் தகப்பனைவிடப் பெரியவனாவான் என்று ஒரு முன்னறிவிப்பு. சீயஸும் பொசைடனும் அவளை மணக்கப் போட்டியிட்டுக்கொண்டிருந்தவர்கள், கேட்டதும் கையை உதறிவிட்டு, அவளைப் பீலியஸ் என்ற மனிதனுக்குக் கட்டிவைத்தார்கள். பிறந்தவன் அகிலீஸ். தெய்வத்துக்குப் பிறந்திருந்தால் வானத்தை ஆண்டிருப்பவன், மனிதனுக்குப் பிறந்ததால் டிராய் கோட்டை வாசலில் இளமையிலேயே செத்தான். பிண்டார் இதைப் பாடியிருக்கிறார். தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலையின் அமைதிக்கு யாருடைய ஆயுள் விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதைக் கிரேக்கர்கள் மறைக்கவில்லை.

குரோனஸை எதிர்க்கும் இன்றைய கதைகளை எடைபோட இதையே அளவுகோலாகக் கொள்ளலாம். டைட்டனைத் தோற்கடித்ததும் கைதட்டி முடித்துக்கொள்ளும் கதைகள் சீயஸோடு நின்றுவிடுகின்றன. ரியார்டனின் வரிசை ஓரளவு மேலே போகிறது. அதில் குரோனஸின் படையில் சேர்பவர்களில் பலர், தகப்பன் தெய்வங்களோ தாய் தெய்வங்களோ திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்ட பிள்ளைகள். வில்லனுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது நல்ல பெரியவர்களின் அலட்சியம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. முடிவில் நாயகனுக்குத் தெய்வங்கள் சாவில்லாத வாழ்வைத் தர முன்வருகின்றன. அவன் மறுத்துவிட்டு வேறொரு வரம் கேட்கிறான்: தெய்வங்கள் தங்களுக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் இனிமேல் தங்கள் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். பதினாறு வயதில் அவன் கேட்ட அந்த வரத்தை அர்ச்சுனனிடம் அரவான் கேட்டிருக்கலாம். கூத்தில் அவன் கேட்பது வேறு. தலை விழுந்த பிறகும் பதினெட்டு நாள் போரையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறான்.